தீர்ப்பு எழுதப்படாத வழக்குகள்

வழக்கறிஞராய் வாழ்வோரை நோக்கி உலகம் தொன்றுதொட்டுக் கேட்டுவரும் கேள்வி ஒன்று உண்டு: "குற்றவாளி என்று தெரிந்த பின்னும் அவனுக்காக எப்படி வாதாடுகிறீர்கள்?" கொலை வழக்கில் வாதாடுவோர் இதற்குச் சொல்லும் விடை யாவரும் அறிந்ததே. குற்றம் மெய்ப்பிக்கப்படும் வரை எவனும் குற்றவாளி அல்லன். தன் பக்கம் பேச ஒருவரும் இல்லாதவனைத் தண்டிப்பது நீதி ஆகாது. அந்த விடையில் ஒரு கம்பீரம் உண்டு. தூக்குமேடையின் நிழலில் நிற்கும் ஒரு மனிதனின் உயிர் அதற்குப் பின்னால் இருக்கிறது.

எங்கள் தொழிலில் அந்தக் கம்பீரம் இல்லை. அமெரிக்க நாட்டின் நியூயார்க் நகரில், பங்குதாரர்கள் திரண்டு தொடுக்கும் கூட்டு வழக்குகளில், நிறுவனங்களின் தரப்பில் நின்று வாதாடுவதே எங்கள் வேலை. வங்கிகள், மருந்து உற்பத்தியாளர்கள், கணினி நிறுவனங்கள் ஆகியவையே எங்கள் கட்சிக்காரர்கள். அவற்றுக்கு நெறிக்கக் கழுத்தும் இல்லை. அடைக்கச் சிறையும் இல்லை. எங்களுள் தமிழ் மண்ணிலிருந்து சென்றவர்கள் விடுமுறைக்கு ஊர் திரும்பினால், "ஊரை அடித்து உலையில் போட்ட கம்பெனிக்காரனுக்கா வக்காலத்து வாங்குகிறாய்?" என்று பெரியப்பாவும் தாய்மாமனும் கேட்பதுண்டு. திண்ணையில் அமர்ந்து ஐந்து நிமிடங்களில் சொல்லிவிடக்கூடிய விடை அதற்கு இல்லை. ஆதலால் இங்கே சற்று விரிவாக எழுதத் துணிகிறோம்.

'நாங்கள்' என்று எழுதுவது பணிவு கருதி அன்று. இத்தொழிலை எவரும் தனியாகச் செய்வதில்லை. ஒரு பெரிய வழக்கில் பத்துப் பதினைந்து பேர் ஆண்டுக்கணக்கில் உழைக்கிறோம். இளையவர் ஆவணங்களைப் படிக்கிறார்; இடைப்பட்டவர் மனுக்களை எழுதுகிறார்; மூத்தவர் நீதிபதியின் முன் நின்று பேசுகிறார். ஒவ்வொருவரின் உழைப்பும் ஆறு நிமிடக் கூறுகளாகப் பகுக்கப்பட்டுக் கணக்கில் ஏறுகிறது. ஒரு மணி நேரத்திற்குப் பத்துக் கூறுகள். இப்படித் துண்டு துண்டாக எழுதி வைக்கப்பட்டதே எங்கள் வாழ்நாள்.

வழக்கு பிறக்கும் விதம்

முதலில் இவ்வழக்கின் இயல்பைச் சொல்ல வேண்டும். ஒரு நிறுவனம் தன் நிலையைப் பற்றிப் பொதுமக்களுக்கு ஏதோ சொல்கிறது. அதை நம்பிப் பலர் அதன் பங்குகளை வாங்குகிறார்கள். பின்னர் ஒரு நாள் கெட்ட செய்தி வெளிவருகிறது. பங்கின் விலை சரிகிறது. "முன்பு நீ சொன்னது பொய், அப்பொய்யால் நாங்கள் இழந்தோம்" என்று ஒருவர் வழக்குத் தொடுக்கிறார். அவர் தமக்காக மட்டும் தொடுப்பதில்லை. அந்த இடைக்காலத்தில் பங்கு வாங்கிய அனைவர் சார்பிலும் தொடுக்கிறார். 1966இல் திருத்தப்பட்ட அமெரிக்க நீதிமன்ற விதிகளின்படி, விலகிக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுக்காத ஒவ்வொருவரும் அவ்வழக்கில் அடங்கியவரே. ஆகவே ஒரே ஒருவர் கையொப்பமிட்ட மனுவுக்குப் பின்னால் ஒரு இலட்சம் பேர் நிற்கக்கூடும். அவர்களுள் பலருக்குத் தாங்கள் நிற்பதே தெரியாது.

இதன் வேர் 1929ஆம் ஆண்டின் பங்குச் சந்தை வீழ்ச்சியில் இருக்கிறது. அதன் பின் 1933இலும் 1934இலும் அமெரிக்க நாடாளுமன்றம் இரு சட்டங்களை இயற்றியது. ஆயினும் இன்று எங்களுக்குச் சோறு போடும் விதி 1942இல்தான் பிறந்தது. பாஸ்டன் பகுதியில் ஒரு நிறுவனத்தின் தலைவர், தொழில் படுமோசம் என்று பங்குதாரர்களிடம் சொல்லிக்கொண்டே அவர்களது பங்குகளைக் குறைந்த விலைக்கு வாங்கிக் குவித்து வந்தார். உண்மையிலோ, அவ்வாண்டு இலாபம் நான்கு மடங்காக உயர இருந்தது. செய்தி பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் ஆணையத்திற்கு எட்டியது. பங்கை விற்பவன் ஏமாற்றினால் தண்டிக்க விதி இருந்தது. வாங்குபவன் ஏமாற்றினால் தண்டிக்க விதி இல்லை. அன்றே ஒரு விதியை எழுதி ஆணையர்களின் முன் வைத்தார்கள். விவாதம் ஏதும் எழவில்லை. நாம் ஏமாற்றுக்கு எதிரானவர்கள்தாமே என்ற பொருள்பட ஒருவர் மட்டும் ஒரு வார்த்தை சொன்னாராம். மூன்றே உட்பிரிவுகள் கொண்ட அச்சிறு விதியிலிருந்துதான் பிற்காலத்தில் ஆயிரக்கணக்கான கூட்டு வழக்குகள் முளைத்தன.

1988இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் அம்முளைக்கு உரம் இட்டது. உருக்கு உலைகளுக்கான செங்கல் முதலிய பொருள்களைச் செய்யும் ஒரு நிறுவனம், மற்றொரு நிறுவனத்துடன் இணையப் பேச்சு நடத்திக்கொண்டிருந்தபோதே, அப்படி ஒன்றும் இல்லை என்று மும்முறை மறுத்தது. அம்மறுப்பை நம்பிப் பலர் பங்குகளை மலிவாய் விற்றுவிட்டனர். பின்னர் இணைப்பு அறிவிக்கப்பட்டது. விற்றவர் ஒவ்வொருவரும் அந்த மறுப்பைப் படித்ததாக மெய்ப்பிக்க வேண்டுமா என்ற கேள்வி எழுந்தது. வேண்டியதில்லை என்றது நீதிமன்றம். பொதுவில் சொல்லப்படும் ஒவ்வொரு சொல்லையும் சந்தை தன் விலையில் வாங்கிக்கொள்கிறது. ஆதலால் விலையை நம்பியவன் அச்சொல்லையும் நம்பியவனே என்பது அத்தீர்ப்பின் சாரம். பொய்யைக் கேளாதவனும் பொய்யால் ஏமாற்றப்படலாம் என்ற இக்கருத்து ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. கிணற்றில் நஞ்சு கலந்தவன், குடித்தவன் ஒவ்வொருவனின் முகத்தையும் பார்த்திருக்க வேண்டியதில்லை அல்லவா?

நாங்கள் கேட்கும் கேள்வி

இனி எங்கள் வேலைக்கு வருவோம். வழக்கு வந்தவுடன் "எங்கள் கட்சிக்காரர் பொய் சொன்னாரா?" என்று நாங்கள் கேட்போம் என்று வாசகர்கள் எண்ணலாம். நாங்கள் நீதிமன்றத்தின் முன் முதலில் வைக்கும் கேள்வி அது அன்று. "எதிர்த்தரப்பு தன் மனுவில் எழுதியிருப்பது போதுமா?" என்பதே எங்கள் முதற்கேள்வி.

இதற்குக் காரணம் 1995ஆம் ஆண்டுச் சட்டம். விலை சரிந்த மறுநாளே அச்சடித்தாற்போல் வழக்குகள் தொடுக்கப்படுவதாகவும், செலவுக்கு அஞ்சியே நிறுவனங்கள் பணம் கொடுத்து ஒதுங்குவதாகவும் அந்நாளில் பெருங்குறை எழுந்தது. அதிபர் கிளின்டன் தம் வீட்டோ அதிகாரத்தால் தடுத்தும், நாடாளுமன்றம் அத்தடையை மீறி அச்சட்டத்தை நிறைவேற்றியது. அதன்படி எந்தச் சொல் பொய், ஏன் பொய் என்பதை வாதி தெளிவாக எழுத வேண்டும். சொன்னவர் ஏமாற்றும் நோக்கோடு சொன்னார் என்பதற்கு வலுவான ஊகம் எழும்படி உண்மைகளைக் காட்டவும் வேண்டும். நாங்கள் தள்ளுபடி மனுப் போட்டுவிட்டால், அது முடியும் வரை நிறுவனத்தின் உள் ஆவணங்களை அவர்கள் கேட்க இயலாது. 2007இல் உச்சநீதிமன்றம் இன்னும் ஒரு படி சென்று, குற்றமுள்ள நெஞ்சைக் காட்டும் ஊகம், குற்றமற்ற விளக்கத்திற்குக் குறைந்தபட்சம் இணையாகவாவது நிற்க வேண்டும் என்றது. இந்தக் கட்டத்திலேயே ஏறக்குறையப் பாதி வழக்குகள் முடிந்துபோகின்றன.

இது அநீதி என்று உடனே தீர்ப்பளித்துவிட வேண்டாம். விலை சரிந்தது என்பதனாலேயே ஒருவன் பொய்யன் ஆகிவிட மாட்டான். ஒரு மருந்து இருநூறு நோயாளரிடம் பலன் தந்து, இரண்டாயிரம் பேரிடம் தராமல் போகலாம். அப்படி ஒரு சிறு நிறுவனத்துக்காக நாங்கள் வாதாடியிருக்கிறோம். நம்பிக்கையை நம்பிக்கை என்றும், ஐயத்தை ஐயம் என்றும் அவர்கள் எழுதியே வைத்திருந்தார்கள். ஆயினும் மருந்து தோற்ற அதே வாரத்தில் வழக்கு வந்தது. பத்து ஆண்டுகள் ஆய்வுக்கூடத்தில் உழைத்த விஞ்ஞானிகள், தங்கள் தோல்வியை நினைத்து வருந்தவும் நேரமின்றி, தங்கள் பழைய கடிதங்களுக்கு எங்களிடம் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மடியில் கனம் இல்லையெனில் வழியில் பயம் இல்லை என்பார்கள். கனம் இல்லாதவர்களும் வழியில் நடுங்கக் கண்டோம். அவ்வழக்குத் தள்ளுபடி ஆன நாளில் எங்கள் தொழில் எங்களுக்கு இனித்தது.

வாதித் தரப்பும் எப்போதும் தூய்மையாய் இருந்ததில்லை. அந்நாட்டின் முன்னணி வாதித் தரப்பு வழக்கறிஞர் நிறுவனம் ஒன்று, வாதியாக நிற்க இசைந்தவர்களுக்கு மறைவாகப் பணம் கொடுத்து வந்ததாக 2006இல் குற்றஞ்சாட்டப்பட்டது. பின்னர் அதன் தலைவர்கள் சிலர் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றனர். ஆகவே ஒரு பக்கம் வெள்ளை, மறு பக்கம் கறுப்பு என்று கோடு கிழித்துப் பேசுவது எங்களுக்கு இயலாத காரியம்.

சொல்லைச் சுருக்கும் கலை

தள்ளுபடிக் கட்டத்தைத் தாண்டிய வழக்கில் எங்கள் பணி வேறு முகம் கொள்கிறது. இலட்சக்கணக்கான மின்னஞ்சல்களைப் படித்து, யார், எதை, எந்நாளில் அறிந்தார் என்று நாள்வரிசைப் பட்டியல் இடுகிறோம். பின்னர் நிறுவன அலுவலர்களை வாக்குமூலத்திற்கு ஆயத்தம் செய்கிறோம். அதற்கு ஒரு பழைய பாடம் உண்டு. "இப்போது மணி என்னவென்று உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்போம். "பத்தேகால்" என்பார் அவர். தவறு என்போம். "தெரியும்" என்பதே சரியான விடை. கேட்டதற்கு மட்டும் பதில். கேளாததற்கு ஒரு சொல்லும் இல்லை. இரண்டு நாள் பயிற்சியில், ஆயுள் முழுதும் கலகலப்பாய்ப் பேசி வந்த மனிதர்கள் அளந்து பேசக் கற்றுக்கொள்வார்கள்.

இதில் பொய் ஏதும் இல்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். பொய் சொல்லத் தூண்டும் வழக்கறிஞன் தன் உரிமத்தையும் இழப்பான், சிறைக்கும் போவான். ஆனால் பொய் சொல்லாதிருப்பதற்கும் உண்மையைச் சொல்வதற்கும் இடையே ஒரு வெளி உண்டு. எங்கள் தொழில் பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் நடக்கிறது. அது சட்டம் வகுத்துத் தந்த வெளி. அங்கே நிற்க எங்களுக்கு உரிமையும் உண்டு, கடமையும் உண்டு. எனினும் ஆண்டு முழுதும் அங்கேயே நின்றுகொண்டிருப்பவன், அதுவே முழு உலகம் என்று எண்ணிவிடாதபடி தன் மனச்சான்றைக் காத்துக்கொள்ள வேண்டும்.

விலைக்கு வாங்கப்படும் மௌனம்

இப்போது இத்தொழிலின் நடுவே உள்ள முடிச்சுக்கு வருகிறோம். 1995க்குப் பின் தொடுக்கப்பட்ட இத்தகைய வழக்குகள் ஆயிரக்கணக்கானவை. அவற்றுள் ஜூரிகளின் முன் விசாரணை நடந்து தீர்ப்பு வரை சென்றவை நூற்றுக்கு ஒன்று கூட இல்லை. தள்ளுபடி ஆகாதவற்றில் ஏறக்குறைய எல்லாம் சமரசத்தில் முடிகின்றன. அண்மை ஆண்டுகளில் சமரசத் தொகைகளின் நடுநிலை அளவு ஒன்று முதல் ஒன்றரைக் கோடி டாலர் வரை இருந்திருக்கிறது. நூற்றுக்கணக்கான கோடிகளும் உண்டு. என்ரான் வழக்கில் சேர்ந்த தொகை 700 கோடி டாலரைத் தாண்டியது. வேர்ல்டுகாம் வழக்கில் 600 கோடியைத் தாண்டியது.

ஏன் எவரும் தீர்ப்பை நாடுவதில்லை? இழப்பு பெரிதாகிவிடும் என்ற அச்சம் ஒரு காரணம். அதைவிட நுட்பமான காரணம் காப்பீட்டுப் பத்திரத்தின் உள்ளே இருக்கிறது. இயக்குநர்களுக்கும் உயர் அலுவலர்களுக்கும் நிறுவனங்கள் பொறுப்புக் காப்பீடு எடுத்து வைக்கின்றன. சமரசப் பணத்தில் பெரும்பகுதி பல வழக்குகளில் அதிலிருந்தே வருகிறது. அப்பத்திரங்களில் ஒரு விலக்கு உண்டு: வேண்டுமென்றே செய்த ஏமாற்றுக்குக் காப்பீடு கிடையாது. ஆனால் அவ்விலக்கு, ஏமாற்று நடந்தது என்று இறுதித் தீர்ப்பு வந்தால் மட்டுமே பாயும் என்று எழுதுவது வழக்கம். இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். தீர்ப்பு வந்து ஏமாற்று உறுதியானால் காப்பீட்டுப் பணம் மறைந்துவிடும். பிரதிவாதிக்கு அது பேரிழப்பு. அந்தப் பணத்தையே நம்பியிருக்கும் வாதிக்கும் அது பேரிழப்பு. ஆகவே உண்மை அறிவிக்கப்படாமல் இருப்பதில் இரு தரப்புக்கும் ஆதாயம் இருக்கிறது! மேலும், எங்கள் கட்டணமும் பெரும்பாலும் அதே காப்பீட்டுத் தொகையிலிருந்து கழிகிறது. நாங்கள் வாதாட வாதாடக் குடத்து நீர் குறைகிறது. எனவே ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரை நடுவராக வைத்து, இரு தரப்பாரும் இரண்டு அறைகளில் அமர்ந்து, இரவு வரை தொகை பேசி முடிக்கிறோம். எழுதப்படும் உடன்பாட்டில் எந்தக் குற்றத்தையும் பிரதிவாதிகள் ஒப்புக்கொள்ளவில்லை என்ற வாக்கியம் தவறாமல் இடம்பெறும். அந்த வாக்கியத்தை நாங்கள் எத்தனை முறை எழுதினோம் என்று எங்களுக்கே கணக்கு இல்லை.

அவ்வுடன்பாட்டிற்கு நீதிபதி ஒப்புதல் தர வேண்டும். அதற்கென ஒரு நாள் குறிக்கப்படும். ஆட்சேபம் உள்ள பங்குதாரர் எவரும் அன்று வந்து பேசலாம். பெரும்பாலும் எவரும் வருவதில்லை. ஒரு குளிர்காலத்தில், மான்ஹாட்டன் நீதிமன்றத்தில் நாங்கள் நின்ற வழக்கு ஒன்றில், ஒரு முதியவர் வந்தார். ஓய்வுபெற்ற பள்ளிப் பேருந்து ஓட்டுநர். கனத்த மேலங்கியைக் கழற்றாமலே எழுந்து நின்றார். தமக்கு அறுபத்திரண்டு டாலர் வரும் என்று கடிதம் வந்திருப்பதாகவும், தொகையைப் பற்றித் தமக்கு ஆட்சேபம் இல்லை என்றும் சொன்னார். பின், "ஐயா, எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். அவர்கள் பொய் சொன்னார்களா, இல்லையா?" என்று கேட்டார். நீதிபதி கனிவானவர். "அதை முடிவு செய்வதற்காக இன்று நாம் கூடவில்லை. இத்தொகை நியாயமானதா என்பது மட்டுமே என் முன் உள்ளது" என்றார். முதியவர் சிறிது நேரம் நின்றார். "அப்படியானால் எந்த நாளில் அதற்காகக் கூடுவீர்கள்?" என்று கேட்டுவிட்டு அமர்ந்தார். வாதித் தரப்பு மேசையிலும் மௌனம். எங்கள் மேசையிலும் மௌனம்.

அன்று அவ்வறையில் எவருக்கும் தெரியாத ஒன்றை நாங்கள் அறிந்திருந்தோம். அதே கேள்விக்கு விடை வேண்டி அதற்குச் சில மாதங்கள் முன்பு எங்களிடம் மன்றாடியவர் வேறொருவர் இருந்தார். அவர் அந்நிறுவனத்தின் நிதித்துறைத் தலைவர். வழக்கில் பெயர் குறிக்கப்பட்ட பிரதிவாதி. "என்னைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுங்கள், நான் ஏமாற்றவில்லை என்று பன்னிரண்டு பேர் சொல்லட்டும்" என்று கேட்டார். செலவும் ஆபத்தும் கருதி நிறுவனமும் காப்பீட்டாரும் சமரசத்தையே விரும்பினர். சட்டப்படி முடிவெடுக்கும் உரிமை அவர்களிடமே இருந்தது. அவர் கையொப்பமிட்டார். அதன்பின் எங்கே வேலைக்குச் சென்றாலும், அவர் பெயரோடு அவ்வழக்கும் ஒட்டிக்கொண்டே சென்றது. குற்றவாளி என்று எவரும் சொல்லவில்லை. குற்றமற்றவர் என்றும் எவரும் சொல்லவில்லை. பேருந்து ஓட்டிய முதியவரும் கணக்கு எழுதிய அதிகாரியும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. இருவரும் வேண்டியது ஒன்றே. அது இருவருக்கும் மறுக்கப்பட்டது.

யார் கொடுத்து யார் பெறுகிறார்?

இன்னொரு வேடிக்கையும் உண்டு. நிறுவனம் கொடுக்கும் பணம் இன்றைய பங்குதாரர்களின் பணம். பெறுபவர்களோ அன்றைய பங்குதாரர்கள். ஓய்வூதிய நிதிகளும் பரஸ்பர நிதிகளும் இரண்டு வரிசையிலும் நிற்கின்றன. அவை வலக்கையால் கொடுத்து இடக்கையால் வாங்குகின்றன. இடையில் இரு தரப்பு வழக்கறிஞர்களின் கட்டணம் கழிகிறது. பொய்யைச் சொன்னவர் ஒருவர் இருந்தால், அவர் தம் சட்டைப்பையிலிருந்து கொடுப்பது அரிது. 2005இல் வேர்ல்டுகாம் வழக்கில் முன்னாள் இயக்குநர்கள் தங்கள் சொந்தப் பணத்தைக் கொடுக்க நேர்ந்தபோது, அதுவே அமெரிக்க வணிக உலகில் பெருஞ்செய்தியாய்ப் பேசப்பட்டதென்றால், அதன் அருமையை உணரலாம்.

விசாரணை வரை சென்ற அரிய வழக்குகளும் எளிய விடை தருவதில்லை. சிகாகோவில் ஹவுஸ்ஹோல்டு என்ற கடன் நிறுவனத்தின் மீது 2002இல் தொடுக்கப்பட்ட வழக்கில், 2009இல் ஜூரிகள் முதலீட்டாளர் பக்கம் முடிவு சொன்னார்கள். 2013இல் ஏறக்குறைய 246 கோடி டாலருக்குத் தீர்ப்பானது. 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நீக்கி மறுவிசாரணைக்கு அனுப்பியது. 2016இல், அம்மறுவிசாரணை தொடங்கும் தறுவாயில், 157.5 கோடிக்குச் சமரசம் ஆனது. பதினான்கு ஆண்டுகள் ஓடிவிட்டன. டெஸ்லா நிறுவனத்தைத் தனியார் உடைமையாக்க நிதி உறுதியாகிவிட்டது என்று ஈலான் மஸ்க் 2018இல் எழுதிய வாசகம் பொய்யே என்று நீதிபதி முன்னரே முடிவு செய்திருந்தார். ஆயினும் 2023 பிப்ரவரியில் சான்பிரான்சிஸ்கோ ஜூரிகள் அவர் பொறுப்பாளி அல்லர் என்று தீர்ப்பளித்தனர். சொல் பொய்யாயிருக்கலாம், ஆனால் சட்டம் கேட்கும் மற்றவையும் சேர வேண்டும்.

இவ்வழக்குகள் நம் நாட்டையும் தொட்டதுண்டு. ஐதராபாத்தைச் சேர்ந்த சத்யம் நிறுவனத்தின் தலைவர், கணக்குகளில் இல்லாத பணத்தை இருப்பதாகக் காட்டியதை 2009 ஜனவரி 7 அன்று தாமே கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். அதன் பங்குகள் நியூயார்க் சந்தையிலும் விற்கப்பட்டு வந்ததால், அங்கே கூட்டு வழக்கு எழுந்தது. 2011இல் நிறுவனம் 12.5 கோடி டாலரும், தணிக்கையாளர் தரப்பு 2.55 கோடி டாலரும் தர இசைந்தனர். இந்தியாவில் இருந்துகொண்டு இந்தியச் சந்தையில் வாங்கிய எளிய முதலீட்டாளர்க்கு அதில் பங்கு கிட்டவில்லை. அந்நாளில் அவர்களுக்கு இத்தகைய வழக்குத் தொடுக்கும் வழியும் இங்கே இல்லை. 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 245ஆம் பிரிவு அதன் பிறகே வந்தது. அமெரிக்க முறையின் குறைகளை அடுக்கும் நாங்களே, அது இல்லாத இடத்தில் ஏமாந்தவன் எவ்வளவு நிராதரவாய் நிற்பான் என்பதையும் அங்கே கண்டோம்.

'கூடும்' என்னும் சொல்

அப்படியெனில் இத்தொழிலில் உண்மைக்கு இடமே இல்லையா? உண்டு. ஆனால் அது நீதிமன்றத்தில் இல்லை. வழக்குக்கு முந்திய அறையில் இருக்கிறது.

எங்களுள் அனுபவம் முதிர்ந்தவர்களை நிறுவனங்கள் வேறொரு வேலைக்கும் அழைக்கும். காலாண்டு அறிக்கையும் ஆண்டறிக்கையும் வெளிவருமுன் அவற்றைப் படித்துப் பார்க்கச் சொல்லும். அவ்வறிக்கைகளில் ஆபத்துகளைப் பட்டியலிடும் பகுதி ஒன்று இருக்கும். "எங்கள் பெரிய வாடிக்கையாளரை நாங்கள் இழக்கக்கூடும்", "எங்கள் கணினிகளில் ஊடுருவல் ஏற்படக்கூடும்" என்று நீண்டு செல்லும். எல்லாம் 'கூடும்'. நாங்கள் கேட்க வேண்டிய கேள்வி எளியது: "ஏற்படக்கூடுமா, ஏற்பட்டுவிட்டதா?" அறையில் மௌனம் நிலவினால் விடை தெரிந்துவிடும்.

தகவல்களைப் பிறர் தவறாகப் பயன்படுத்தக்கூடும் என்று ஃபேஸ்புக் நிறுவனம் எழுதியபோது, அது முன்னமே நடந்து முடிந்திருந்தது என்பது அதன் பங்குதாரர்களின் குற்றச்சாட்டு. 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கைத் தொடர விட்டது. உச்சநீதிமன்றம் அதைக் கையில் எடுத்து, இரு தரப்பு வாதத்தையும் கேட்டு, 2024 நவம்பரில் தீர்ப்பு ஏதும் சொல்லாமலே திருப்பி அனுப்பிவிட்டது. நாட்டின் உயர்ந்த மன்றமும் விடை சொல்லாது விட்ட கேள்வியை, ஒரு சாதாரண அலுவலக அறையில், அறிக்கை அச்சேறுமுன், ஒரு பேனாவால் தீர்த்துவிடலாம். 'கூடும்' என்பதை அடித்து 'விட்டது' என்று எழுதினால் போதும்.

அப்படி ஓர் இரவில் நாங்கள் பார்த்தோம். மறுநாள் காலை அறிக்கை வெளியாக வேண்டும். ஒரு பெரிய ஒப்பந்தம் கைநழுவிவிட்டது. அறிக்கையிலோ 'நழுவக்கூடும்' என்று இருந்தது. அடுத்த காலாண்டில் வேறு ஒப்பந்தம் வந்துவிடும், அதற்குள் எதற்கு ஊரைக் கலக்க வேண்டும் என்றார் தலைவர். எங்கள் மூத்தவர் சட்டம் பேசவில்லை. "நாளைக் காலை உங்கள் பங்கை வாங்கப்போகிறவர் உங்கள் தாயாராக இருந்தால், இவ்வாக்கியத்தை எப்படி எழுதுவீர்கள்?" என்று மட்டும் கேட்டார். நெடுநேரம் கழித்து அச்சொல் மாற்றப்பட்டது. காலையில் விலை சரிந்தது. தலைவர் பல வாரங்கள் எங்களோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. ஆனால் வழக்கு வரவில்லை. நடவாத வழக்குக்குப் பதிவேட்டில் எண் இல்லை. எங்கள் பெயரும் எங்கும் ஏறாது. அன்று அச்சிடப்பட்ட விலையை நம்பி வாங்கிய எவரோ, தாம் காக்கப்பட்டதை அறியாமலே இன்னும் எங்கோ வாழ்ந்துகொண்டிருப்பார்.

திண்ணைக் கேள்விக்கு எங்கள் விடை இதுதான். குற்றம் சாட்டப்பட்டவர்க்கு, அது நிறுவனமாயினும், வாதாட ஒருவர் வேண்டும். விலை சரிவை எல்லாம் வஞ்சகம் என்று சொல்லும் உலகில் எவரும் புதிதாக எதையும் முயல மாட்டார். அப்பணியைச் செய்ததில் எங்களுக்கு நாணம் இல்லை. ஆனால் வழக்கு என்று ஒன்று வந்துவிட்ட பின், உண்மையைக் கண்டுபிடித்துச் சொல்ல இந்த ஏற்பாட்டால் பெரும்பாலும் இயலாது. அது பணத்தைப் பகிர்ந்து கொடுக்கும். முதியவரின் கேள்விக்கு விடை கொடுக்காது. காலம் கடந்த உண்மையை எவ்வளவு கோடி கொடுத்தும் மீட்க முடிவதில்லை என்பதை எங்கள் வாழ்நாள் முழுதும் அருகிருந்து கண்டோம்.

இது பங்குச் சந்தைக்கு மட்டும் உரிய பாடம் என்று தோன்றவில்லை. இல்லத்திலும், அலுவலகத்திலும், பொதுவாழ்விலும் நாம் எத்தனை 'கூடும்'களைக் கொண்டு எத்தனை 'விட்டது'களை மூடி வைக்கிறோம்! பிறகு அவை தாமாக வெடித்து வெளிவரும்போது, நட்டத்தைப் பங்கிட்டுக்கொள்ள அமர்கிறோம். சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டிய நாளில் சொல்லிவிடுவதற்கு நீதிபதி தேவையில்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. அறிக்கை அச்சேறுவதற்கு முந்திய இரவில், அறையில் ஒருவராவது அந்தச் சொல்லைச் சுட்டிக்காட்டிக் கேட்டால் போதும்.